பென் டிரைவில் நைனா இல்லை

ஆத்மா உண்டு என்பதற்குப் பென் டிரைவைச் சாட்சிக்கு இழுத்தவர் எங்கள் எதிர்வீட்டுப் பெரியப்பா. ரத்தச் சொந்தம் கிடையாது. கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டன் குடியிருப்பில் எதிர்வீட்டில் வயதானவர் ஒருவர் இருந்தால் அவர் பெரியப்பாதான். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஷிப்டு பார்த்து ஓய்ந்தவர். நாமம் போடாமல் காபி குடிக்க மாட்டார். அவர் வாதம் இது:

"படம் இந்தக் குச்சிக்குள்ள இருக்கு. டிவிதான் உடம்பு. இதுல ஓடலையா, புடுங்கி வேற டிவில சொருகு, ஓடும். டிவி கெட்டுப்போனா படம் செத்துடுதா? பகவான் பழைய துணின்னு சொன்னாரு, நான் பழைய டிவின்னு சொல்றேன். இதுக்கு உங்க புத்தரு என்னா சொல்றாரு, சொல்லு தம்பி."

எங்கள் நைனா, அதாவது அப்பா, அசைகிற படம் ஒன்றே ஒன்றுதான் உலகத்தில் இருக்கிறது. 1992 புத்த பூர்ணிமா ஊர்வலத்தை ஒரு வீடியோக்காரர் வி.எச்.எஸ். டேப்பில் எடுத்தார். அதில் நைனா பஞ்சசீலக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்துவருகிறார், கேமராவைப் பார்த்ததும் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், இருமுகிறார். மைன்ஸ்காரர் இருமல் தனி. இந்த ஊரில் பிறந்தவனுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமுவது யார் என்று தெரியும். பின்னாளில் அதற்கு சிலிகோசிஸ் என்று டாக்டர் பெயர் சொன்னார்.

டேப்பில் பூஞ்சை ஏறுவதற்குள் ஒரு கடையில் கொடுத்து வி.சி.டி.யாக மாற்றி வைத்தோம். அதை அக்கா மகன் எடுத்துக்கொண்டு போனான். மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ஆயிரக்கணக்கான தங்கவயல் பிள்ளைகளில் அவனும் ஒருவன். கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து, சின்னதாக்கி, பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்தான். அவன் லேப்டாப்பில் ஊர்வலம் ஜோராக நடந்தது. அம்மாவின் டிவியில் சொருகினால் மேளம் கேட்டது, கூட்டம் கேட்டது, இருமல் கேட்டது. திரை மட்டும் கறுப்பு. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி: இந்த வீடியோவை ஓட்ட முடியாது.

"உங்க நைனாதான்," என்றார் அம்மா, கறுப்புத் திரையைப் பார்த்து.

அந்த நேரத்தில்தான் பெரியப்பா ஆத்மாவை எடுத்தார்.

நாங்கள் மூன்று தலைமுறையாக பௌத்தர்கள். 1907இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் பேச்சு இந்தச் சுரங்க ஊருக்கு வெகு சீக்கிரம் வந்து சேர்ந்தது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் எழுந்தன. பண்டிதர் 1914இல் மறைந்தார். பின்னாளில் அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை இந்தக் கோலார் தங்கவயலிலிருந்தே நடத்தினார். பஞ்சத்துக்கும் ஊர்க்காரர்களுக்கும் தப்பி வட ஆற்காட்டிலிருந்து வந்து, கேஜில் ஏறிப் பூமிக்குள் இறங்கியவர்களுக்கு ஆத்மா இல்லை என்ற பேச்சில் என்ன ருசி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. எங்கள் தாத்தா கணக்கு எளிமையானது. போன ஜென்மத்துப் பாவத்தை ஓர் ஆத்மா சுமந்துகொண்டு வந்து சேரியில் பிறந்தது என்று சொல்லித்தான் இத்தனை காலம் மிதித்தார்கள். சுமக்கிற ஆளே கிடையாது என்றால் மிதிக்கிறவன் எதைக் காட்டி மிதிப்பான்? அறிவியல் கற்பித்தவரான பேராசிரியர் லட்சுமி நரசு அதே 1907இல் பௌத்தத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தில் ஆத்மாவுக்கு இடம் வைக்கவில்லை. பிற்பாடு அதன் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். தாத்தா அதையெல்லாம் படித்தவரில்லை. அவருக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

ஆகவே பெரியப்பாவுக்குப் பதில் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. நான் பி.இ.எம்.எல். தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்த்தவன். ஒரு சாதனம் ஏன் ஓடவில்லை என்று பார்ப்பதுதான் எனக்குச் சோறு போட்டது. வேதாந்தத்தை ஓரம் வைத்துவிட்டு அந்தக் கறுப்புத் திரையிலிருந்தே தொடங்கினேன்.

ஒரு வீடியோ கோப்பில் இரண்டு சமாச்சாரம் உண்டு. ஒன்று உறை: ஏ.வி.ஐ., எம்.பி.4, எம்.கே.வி. என்று கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பது. உள்ளே படத்தையும் ஒலியையும் எந்தக் கணக்கில் சுருக்கினார்கள் என்பது இன்னொன்று. அதற்கு கோடெக் என்று பெயர். ஒரே உறைக்குள் எத்தனையோ விதக் கணக்கைப் போடலாம். எங்கள் பையன் போட்டது எச்.265, அதிலும் நிறத்துக்குப் பத்து பிட் கணக்கு. அந்தக் கணக்கு 2013இல்தான் நிர்ணயமாக வெளிவந்தது. அம்மாவின் டிவிக்குள் இருக்கிற சில்லு அதற்கு முந்தைய எச்.264 வரை தெரிந்தது. ஒலி பழைய கணக்கில் இருந்ததால் அது மட்டும் வந்தது.

லேப்டாப்பில் ஏன் ஓடுகிறது என்றால், அங்கே படத்தை விரிக்கிற வேலையை மென்பொருள் செய்கிறது. பாரீஸ் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலைதான் இன்று எல்லாரும் வைத்திருக்கிற வி.எல்.சி. அதற்குப் புதுக் கணக்கு தெரியாவிட்டால் அடுத்த பதிப்பில் கற்றுக்கொள்ளும். டிவியிலும் டி.வி.டி. ப்ளேயரிலும் அப்படியில்லை. விரிக்கிற கணக்கைச் சில்லின் சுற்றிலேயே செதுக்கிவிடுகிறார்கள். மின்சாரம் மிச்சம், விலை மலிவு, சூடு குறைவு. ஆனால் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளோடு அதன் படிப்பு முடிந்தது.

இதற்கு முன்னால் எங்கள் வீட்டில் டிவ்எக்ஸ் முத்திரை போட்ட ஒரு டி.வி.டி. ப்ளேயர் இருந்தது. அதோடு நான் பட்ட பாட்டிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். ஏ.வி.ஐ. கோப்பின் தலைப்பகுதியில் நான்கு எழுத்தில் ஒரு குறி இருக்கும், உள்ளே இன்ன கணக்கு என்று சொல்ல. எக்ஸ்விட் என்று குறியிருந்தால் சில ப்ளேயர்கள் வாசலிலேயே ‘போ’ என்றுவிடும். உள்ளே ஒரு பிட்டைக்கூடத் தொடாமல் அந்த நாலெழுத்தை மட்டும் டிவ்எக்ஸ் என்று மாற்றிவிட்டால் அதே ப்ளேயர் அதே படத்தைத் தடங்கலில்லாமல் ஓட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தே பார்க்கவில்லை, பெயரைப் பார்த்துத் துரத்தியிருக்கிறது. குடிமதிப்புக் கணக்கில் தம் மக்களைச் சாதிப் பெயரில் எழுதாதே என்று பண்டிதர் அவ்வளவு மல்லுக்கு நின்றதை, மதுப் போத்தலுக்கு லேபிள் மாற்றுகிற மாதிரி அற்ப விஷயம் என்று நினைக்கிறவர்கள் அந்த ப்ளேயரை ஒரு நாள் வைத்திருந்து பார்க்கலாம்.

ஆனால் எல்லாமே பெயர் விவகாரம் என்று சொன்னால் அது பொய். பெயரை மாற்றிய பிறகும் ஓடாத படங்கள் உண்டு. எக்ஸ்விட்டில் அசைவைக் கால் புள்ளி நுணுக்கத்தில் கணக்கிடுகிற ஒரு வசதி இருந்தது. கேமரா மொத்தமாக நகர்வதை ஒரே வரியில் குறிக்கிற இன்னொரு வசதியும் இருந்தது. அவற்றைப் போட்டுச் சுருக்கினால் கம்ப்யூட்டர் ஓட்டும், பெரும்பாலான ப்ளேயர்கள் திணறும். அந்தக் கணக்கு சில்லில் நிஜமாகவே கிடையாது. பெயரால் வந்த தடையையும் கணக்கால் வந்த தடையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் மெக்கானிக்கும் ஆக முடியாது, என் அபிப்பிராயத்தில் மதவாதியும் ஆகக் கூடாது.

இனி பெரியப்பாவின் குச்சிக்கு வருகிறேன்.

"படம் குச்சிக்குள்ள இருக்கு" என்றாரே, அந்த இடத்தில்தான் எனக்கு வழக்கு. ஒரு விநாடிக்கு 25 படம். பென் டிரைவைத் திறந்தால் இருபத்தைந்தும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி எதுவும் கிடையாது. எப்போதோ ஒரு படம்தான் முழுசாக எழுதப்பட்டிருக்கும். அடுத்ததில், முன் படத்திலிருந்து எது எங்கே நகர்ந்தது, எவ்வளவு மாறியது என்ற குறிப்பு மட்டும். இன்னும் சில படங்கள் முன்னால் போனதையும் பார்க்கும், பின்னால் வரப்போவதையும் பார்க்கும்; இரண்டுக்கும் நடுவில் தன்னைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். நைனா முகத்தைத் திருப்புகிற அந்தக் கணத்தைக் கோப்பிலிருந்து தனியாக அறுத்து எடுத்தால் கையில் மிஞ்சுவது முகமே இல்லை. ‘இந்தக் கட்டம் இவ்வளவு இடப்பக்கம்’ என்ற கட்டளைகள்தான். எதன் இடப்பக்கம்? அது வேறு படத்தில் இருக்கிறது.

மணிமேகலையின் கடைசிக் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பது பன்னிரண்டு சார்புகளை. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும், அது இல்லாவிட்டால் இது இல்லை என்கிற வரிசை. சின்ன வயதில் சங்கத்தில் அதை மனப்பாடம் பண்ணும்போது எனக்கு ஒன்றும் ஏறவில்லை. வி.சி.டி.யில் கீறல் விழுந்து படம் சிதறியதைப் பார்த்த பிறகு ஏறியது. முழுப்படம் ஒன்று கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று கவனித்திருப்பீர்கள். ஊர்வலத்தில் காட்சி மாறியிருக்கும், யாரோ ஓர் அம்மா பூத்தட்டோடு நடப்பார், ஆனால் அவருடைய அசைவில் முந்தைய காட்சியின் ஜெனரேட்டர் வண்டி நடக்கும். அசைவு இவருடையது, மேனி அதனுடையது. அடுத்த முழுப்படம் வந்தால்தான் சரியாகும். வி.சி.டி.யில் அது அரை விநாடியில் வந்துவிடும். எக்ஸ்விட்டில் பத்து விநாடிகூட ஆகலாம். உள்ளே முழுமையாக ஒரு ‘படம்’ இருந்திருந்தால் இந்தக் கூத்து நடக்க வழியில்லை.

எண்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. விரிக்கிற கணக்கு இருக்கிறது, திரை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, பார்க்கிற அம்மா இருக்கிறார். இவை கூடுகிற இடத்தில் ஊர்வலம் நடக்கிறது. ஒன்று விலகினால் நடப்பதில்லை. இதில் எதை ஆத்மா என்று பிடிப்பது? பெரியப்பாவிடம் இப்படித்தான் சொன்னேன்.

அவர் லேசுப்பட்டவர் இல்லை. "தம்பி, நியூட்ரினோ தெரியுமா?" என்றார்.

தங்கவயலில் இந்தக் கேள்வியை எண்பது வயது சுரங்கத் தொழிலாளி கேட்பார். 1965இல் சாம்பியன் ரீஃபில் 2,300 மீட்டர் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து கருவிகள் வைத்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடயத்தைப் பிடித்தார்கள். மேலே இருந்து கொட்டுகிற மற்றத் துகள்களை எல்லாம் பாறை வடிகட்டிவிடும் என்பதால்தான் அவ்வளவு ஆழம். தங்கம் வெட்டுகிறவர்கள் கேஜில் இறங்கிய அதே ஷாஃப்ட்களில் விஞ்ஞானிகளும் இறங்கினார்கள். பெரியப்பாவுக்கு அதில் இன்றும் பெருமை.

"அந்த நியூட்ரினோ உன் உடம்புல இப்போ பூந்து போய்க்கிட்டு இருக்கு. உனக்குத் தெரியுதா? எனக்குத் தெரியுதா? புடிக்கிற மெசின் இல்லன்னா அது இல்லைன்னு ஆயிடுமா? டிவி காட்டலைன்னா உங்க நைனா இல்லன்னு ஆயிடுமா?"

நல்ல அடி. இதை நான் சும்மா தட்டிவிட முடியவில்லை. காணாததெல்லாம் இல்லாதது என்று புத்தர் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு அவரே சண்டை போட்டவர். ஆனால் அந்தக் கருவிகள் எதைப் பிடித்தன என்று பார்க்க வேண்டும். நியூட்ரினோவை நேராக யாரும் பிடிக்கவில்லை. அது பாறையில் மோதும்போது மியூவான் என்று ஒரு துகள் பிறக்கிறது. அந்த மியூவான் குறுக்கே பாய்ந்தபோது மினுக்கிய வெளிச்சத்தைத்தான் பதிவு செய்தார்கள். தடயம் என்பது நியூட்ரினோவுக்குள் ஒளிந்திருந்த பொருள் இல்லை. பாறையும் அதுவும் சந்தித்ததில் பிறந்தது. "இருக்கு பெரியப்பா, வந்தது இருக்கு, மோதினது இருக்கு. உள்ள ஒரு ஆளு உக்காந்துக்கிட்டு வந்தான்னு மட்டும் சொல்லாதீங்க," என்றேன். அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வெற்றிலையை மடித்தார்.

அவர் கேட்காத, ஆனால் என்னைக் குடைந்த கேள்வி வேறு. ஆள் இல்லை, சரி. டேப்பிலிருந்து வி.சி.டி., வி.சி.டி.யிலிருந்து இந்தக் கோப்பு. ஒவ்வொரு தடவையும் எண்கள் அடியோடு மாறிவிட்டன. அப்படியானால் அம்மா பார்க்கப்போவது யாரை?

உறையை மட்டும் மாற்றுவது ஒரு விதம். எம்.கே.வி.யிலிருந்து எம்.பி.4க்கு உள்ளிருப்பதை அப்படியே தூக்கி வைக்கலாம். சில நொடி வேலை, ஒரு துளி நஷ்டமில்லை. பெரியப்பாவின் பழைய துணி, புதிய துணி உவமை இதற்குத்தான் பொருந்தும். ஆனால் நம் விஷயத்தில் உறை குற்றவாளி இல்லை. கணக்கே வேறு, ஆகவே பிரித்து முழுப்படங்களாக விரித்து வேறு கணக்கில் மறுபடி சுருக்க வேண்டும். அப்படிச் செய்யும்போதெல்லாம் கொஞ்சம் போகும். டேப்பிலிருந்து வி.சி.டி.க்கு வந்தபோதே படம் 352க்கு 288 புள்ளியாகக் குறுகியது. கொடியின் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. போனது திரும்பாது.

மிலிந்த மன்னன் பௌத்தத் துறவி நாகசேனரிடம் கேட்டது ஏறக்குறைய இதுதான். மறுபடி பிறக்கிறவன் அவனேயா, வேறொருவனா? இரவு முழுக்க எரிகிற விளக்கின் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா என்று நாகசேனர் திருப்பிக் கேட்கிறார். ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றினால் சுடர் பெயர்ந்து போனதா என்றும் கேட்கிறார். அதுவும் இல்லை, வேறும் இல்லை என்பது அவர் முடிவு. தப்பித்துக்கொள்ளும் பதில் என்று இளமையில் நினைத்திருக்கிறேன். மறுசுருக்கத்துக்கு இதைவிடச் சரியான விவரணை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் அந்தப் பையனே காட்டிவிட்டான். ‘சுத்தம் செய்து’ என்று சொன்னேனே. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றில் கொடுத்து மங்கலான முகங்களைத் தெளிவாக்கியிருந்தான். லேப்டாப்பில் அம்மாவைக் கூட்டி உட்கார வைத்தோம். நைனா வந்தார்: வழுவழு கன்னம், ஒவ்வொரு மயிராகத் தெரிகிற மீசை, வரிசைப் பல். டேப்பில் இல்லாத விவரத்தை அந்த மென்பொருள் தனக்குத் தெரிந்த ஆயிரம் முகங்களிலிருந்து எடுத்து நிரப்பியிருந்தது.

"இது யாரு?" என்றார் அம்மா. "சினிமாக்காரன் மாதிரி இருக்கான்."

கறுப்புத் திரையில் புருஷனைக் கண்டுகொண்டவர் தெளிவான முகத்தில் கண்டுகொள்ளவில்லை. எந்தச் சங்கிலி இருமலில் இருந்ததோ அது மீசையில் அறுந்திருந்தது. விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவது ஒன்று. பல்பை மாட்டிவிட்டு விளக்கு என்று சொல்வது இன்னொன்று. பையனுக்குக் கோபம், ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செய்திருக்கிறான், பாவம்.

கடைசியில் வி.சி.டி.யின் கோப்பையே எடுத்து, எந்த அலங்காரமும் இல்லாமல் எட்டு பிட் எச்.264இல் போட்டு, எம்.பி.4 உறையில் வைத்தோம். பென் டிரைவை எஃப்.ஏ.டி.32 முறையில் மறுபடி ஃபார்மேட் செய்தோம். அந்த முறையைப் படிக்காத டிவி அநேகமாகக் கிடையாது. படம் மங்கல்தான். அம்மா பார்த்தார். "மொகத்த திருப்பிக்கிட்டாரு பாரு, எப்பவும் அப்படித்தான்."

மின்னணுச் சாமான்களை நம்பாதே, காகிதமே நிலைக்கும் என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். 1912இல் பண்டிதர் எழுதிய ‘புத்தரது ஆதிவேதம்’ எங்கள் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலைப் பதிப்பாக வீட்டில் இருக்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம், சில்லு வேண்டாம் என்பது உண்மை. அதை அக்கா மகனிடம் நீட்டினேன். புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவன் படித்தது ஆங்கில வழி, இரண்டாம் மொழி கன்னடம். வீட்டில் தமிழ் பேசுவான், ஒரு பக்கம் படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவான். காகிதத்தையும் விரிக்கிற கணக்கு ஒன்று இருக்கிறது, அதைத் தலைமுறைதோறும் யாராவது சொல்லிக்கொடுத்தாக வேண்டும். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடிய பிறகு இந்த ஊரில் பெற்றவர்கள் பிள்ளைகளைப் பெங்களூருக்கு ஏற்ற மாதிரி வளர்த்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. வயிறு முதலில்.

அதனால் கோப்போடு ஒரு காகிதமும் வைத்திருக்கிறேன், தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. என்ன உறை, என்ன கணக்கு, விநாடிக்கு எத்தனை படம், ஒலி எது, எந்த மூலத்திலிருந்து எடுத்தது, நடுவில் என்ன மாற்றினோம். இது ஓட எவையெல்லாம் கூட வேண்டும் என்ற பட்டியல். பெரியப்பா வாங்கிப் படித்துவிட்டு, தன் வீட்டு வைகுண்ட ஏகாதசி சி.டி.யையும் இப்படியே மாற்றித் தரச் சொன்னார். ஆத்மாவைப் பற்றி அன்று பேச்செடுக்கவில்லை.

அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி, ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டாய் என்றார். ஊர்வலத்தில் எழுபது எண்பது பேர் வருகிறார்கள். தான் போய்விட்டால் அதில் யார் நைனா என்று எந்தப் பேரனுக்குத் தெரியும்? கீழே இன்னொரு வரி எழுதினேன்: வலது ஓரத்தில் கொடி பிடித்து வந்து, கேமராவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பி இருமுகிறவர்.